நார்னியா டர்க்கிஷ் டிலைட்: நம்ம ஊரு ஈரத்துல உருகாம நிக்க என்ன செய்யணும்?

சிப்புட்_டீச்சர்

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. வாசிப்பு வாரத்துக்கு நார்னியாங்கிற ஆங்கிலச் சிறுவர் கதை வரிசையில 1950ல வந்த முதல் கதையை நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போறோம். வெள்ளைச் சூனியக்காரி எட்மண்டுங்கிற பையனுக்கு டர்க்கிஷ் டிலைட் (மாவும் சீனிப்பாகும் கிளறிச் செய்ற துருக்கி இனிப்பு) கொடுக்கிற கட்டத்துல, அதே பலகாரத்தைக் கையில கொடுக்கணும்னு திட்டம். 60 பிள்ளைங்க, ஆளுக்கு 2 துண்டு.

சோதனைக்குச் செஞ்சது: சீனி 500 கிராம், தண்ணி 500 மில்லி, கோர்ன் பிளவர் 60 கிராம். எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து 20 நிமிஷம் கிளறி, தட்டுல ஊத்தி, ஐஸ் பெட்டியில வச்சேன். வெட்டுறப்ப கத்தியோடயே வந்துச்சு, நடுவுல கஞ்சி. ஐசிங் சீனியில பிரட்டி இறுக்கமான டப்பாவுல மூடி வச்சா, காலையில அடியில பாகு தேங்கி நிக்குது.

ஜெலட்டின் வேண்டாம். ஹலால் முத்திரை உள்ளதும் பல மாட்டுல இருந்து எடுக்கிறது, நம்ம வீட்டுப் பிள்ளைங்க பாதிப் பேர் தொட மாட்டாங்க. அகர் அகர் போட்டா வேலை சுலபமா முடியுமா?

அல்வாக்_கரண்டி

டீச்சர், அகர் அகரை அப்புறம் பார்ப்போம். மாவு குறைச்சல், நேரம் குறைச்சல், பாகைத் தனியாக் காய்ச்சல. இந்த மூணுதான் உங்க கஞ்சிக்குக் காரணம்.

பம்பாய் அல்வா கிளறின கைக்கு இது புதுசு இல்ல. அதே மாவு, அதே சீனிப்பாகு. நெய் மட்டும் கிடையாது. நெய் இல்லாததால அடி சீக்கிரம் பிடிக்கும், ஈரத்தைத் தடுக்க மேல எண்ணெய்ப் பசையும் இருக்காது. மத்ததெல்லாம் ஒண்ணுதான்.

9 அங்குலச் சதுரத் தட்டு ஒண்ணுக்கு அளவு சொல்றேன். பாகுக்கு சீனி 800 கிராம், தண்ணி 375 மில்லி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. மாவுக்கு கோர்ன் பிளவர் 130 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் (கேக்குக்குப் போடுற புளிப்புத் தூள்) 1 தேக்கரண்டி, தண்ணி 700 மில்லி. இறக்குற நேரத்துல ரோஸ் வாட்டர் 1 மேசைக்கரண்டி. கோர்ன் பிளவர்னா வெள்ளையா, விரல்ல தேய்ச்சா கிறீச்சுன்னு வழுக்குற மாவு. மஞ்சளா இருக்கிறது சோளத்தையே அரைச்சது, அது இதுக்கு உதவாது.

பாகுல சீனி கரையுற வரைக்கும்தான் கரண்டி. கொதிச்ச பிறகு கிளறக் கூடாது. கிளறினா பாத்திரத்து ஓரத்துல ஒட்டின சீனிப் பரல் உள்ள விழுந்து, முழுப் பாகும் மணல் மணலா உறைஞ்சிரும். ஓரத்தை ஈரப் பிரஷ்ஷால துடைச்சு விடுங்க. 115 டிகிரி வந்ததும் அடுப்பை அணைச்சிருங்க.

பாகு கொதிக்கிற நேரத்துலயே அடி கனமான குவாலியில (வாணலி) மாவையும் டார்ட்டரையும் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாமக் கரைச்சு, நடுத்தர நெருப்புல கிளறுங்க. முதல்ல பால் மாதிரி இருக்கும், திடீர்னு போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இறுகும். அந்த நொடி நெருப்பை நிறுத்தி, சூடான பாகை ஒரு கரண்டி ஒரு கரண்டியா விட்டு அடிச்சுக் கலக்கணும். மொத்தமா ஊத்தினா மாவு உருண்டை உருண்டையாப் பிரியும், பிறகு வடிகட்டுனாலும் சரிவராது.

இனிமேதான் உண்மையான வேலை. மிகச் சின்ன நெருப்புல 50 நிமிஷத்துல இருந்து 1 மணி நேரம். முதல் அரை மணி நேரம் 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியைச் சுரண்டிக் கிளறினாப் போதும். கடைசி 20 நிமிஷம் கை நிறுத்தக் கூடாது. வெள்ளை போய், கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு, இளம் பொன் நிறம் வரணும். கரண்டியை இழுத்தா குவாலி அடி தெரிஞ்சு, மெதுவா மூடணும். 20 நிமிஷத்துல இறக்கினா தண்ணி வத்தியிருக்காது, அதுதான் நீங்க பார்த்த கஞ்சி.

ரோஸ் வாட்டர் கடைசியில. முன்னாலயே விட்டா வாசனை ஆவியாப் போயிரும், கூட விட்டா சவர்க்காரம் மாதிரி இருக்கும். எண்ணெய் தடவின தாளைத் தட்டுல விரிச்சு ஊத்தி, மேல மாவு தூவி, துணி போட்டு வெளியிலயே ஒரு இராத்திரி வைங்க. 8க்கு 8 வெட்டினா 64 துண்டு. உங்களுக்கு ரெண்டு தட்டு வேணும். அளவை இரட்டிச்சு ஒரே குவாலியில போடாதீங்க, அடி கருகும், நடு வேகாது.

லயத்து_அடுப்பு

அகர் அகர்ல செய்யலாம். ஆனா அது டர்க்கிஷ் டிலைட் ஆகாது. கடிச்சா பட்டுனு உடையும், இது பல்லுல இழுபடணும். மேல மாவும் ஒட்டாது, பத்து நிமிஷத்துல தண்ணி விட்டு மாவைக் கரைச்சிரும். கல்யாண வீட்டு அகர் அகர் வேற, இது வேற.

அக்கா சொன்ன செய்முறை சரி. பாகு தேங்குனதுக்குக் காரணம் மட்டும் சேர்த்துச் சொல்றேன். ஐஸ் பெட்டியில மாவுப் பசை சீக்கிரம் இறுகி, உள்ள பிடிச்சு வச்ச தண்ணியை வெளியேத்தும். குளிர்ந்த துண்டை வெளியே எடுத்தா, ஐஸ் தண்ணி கிளாஸ் வேர்க்குற மாதிரி வேர்க்கும். மூடின டப்பா அந்த ஈரத்தை உள்ளயே அடைச்சு வைக்கும். வெறும் ஐசிங் சீனி அதுல கரைஞ்சு பாகு ஆயிரும்.

நம்ம ஊருல சாயங்கால மழை பெய்யுற நாள்ல ஐசிங் சீனியும் கோர்ன் பிளவரும் சரிக்குச் சரி போடுங்க. குளிர் நாட்டுக்காரங்க மாவைக் குறைச்சுப் போடுவாங்க, அது இங்க நிக்காது. அந்தக் கோர்ன் பிளவரை முன்னாடியே காஞ்ச சட்டியில, சின்ன நெருப்புல 5 நிமிஷம் நிறம் மாறாம வறுத்து நல்லா ஆற விடணும். ஈரமும் போகும், பச்சை மாவு வாடையும் போகும்.

இன்னொரு வழி, துருவிக் காயவச்ச தேங்காய். துருக்கியிலயே தேங்காய்த்தூள் பிரட்டினது விக்கிறாங்க. உருகுற தொல்லையே இல்ல. பனித்தூள் மாதிரி வெள்ளைத் தோற்றம் வேணும்னாதான் மாவு.

சிப்புட்_டீச்சர்

ரொம்ப நன்றி. மூணு சந்தேகம். வெப்பமானி இல்ல. எலுமிச்சைக்குப் பதிலா வீட்டுல காய்க்கிற லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) ஆகுமா? பூஜைச் சாமான் கடையில விக்கிற பன்னீர் போடலாமா?

அல்வாக்_கரண்டி

பன்னீர் கூடவே கூடாது டீச்சர். அது தெளிக்கிறதுக்கு, வாசனைச் சரக்கு கலந்திருக்கும். சாப்பாட்டுக்குன்னு லேபிள்ல போட்டிருக்கிற ரோஸ் வாட்டர்தான். அது கிடைக்கலைன்னா பண்டோங் (ரோஸ் பால்) கலக்குற ரோஸ் சிராப் 2 மேசைக்கரண்டி, கடைசி 10 நிமிஷத்துல. அது சீனிப்பாகுங்கிறதால 800 கிராம் சீனியில 30 கிராம் குறைச்சிருங்க. நிறமும் அதுலயே வந்துரும்.

கஸ்தூரி ஆகும். சக்கை, விதை வடிகட்டி அதே 1 மேசைக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம். புளிப்பு சீனியை உடைக்கிறதாலதான் பாகு பரல் கட்டாம இருக்கு. அளவு மிஞ்சினா, உடைஞ்ச சீனி காத்துல இருக்கிற ஈரத்தை இன்னும் இழுக்கும், மாவோட பிடியும் தளரும். டர்க்கிஷ் டிலைட் இறுகாமப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பமானி இல்லைன்னா ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணியில ஒரு சொட்டுப் பாகு. விரலால கூட்டினா மெத்துனு உருண்டு, வெளியே எடுத்ததும் அமுங்கணும். கரைஞ்சா இன்னும் ஆகல. கல்லு மாதிரி ஆனா மிஞ்சிருச்சு, 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி காய்ச்சுங்க. வெந்நீர் விடும்போது முகத்தைத் தள்ளி வைங்க, சீறும்.

புத்தகப்_புழு_பேராக்

கதைப் பக்கம் ஒண்ணு. சூனியக்காரி செம்புக் குப்பியில இருந்து ஒரு சொட்டைப் பனியில விடுவா, பச்சைப் பட்டு நாடா கட்டின வட்டப் பெட்டி வரும். என்ன வாசனை, என்ன நிறம்னு கதையில கிடையாது. அதனால ரோஸ்தான்னு கட்டாயம் இல்ல. ரெண்டாவது தட்டைப் பாண்டான்ல (ரம்பை இலை) செய்யலாம்: 10 இலையை 700 மில்லித் தண்ணியோட அரைச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியிலயே மாவைக் கரைங்க. ஒரு மணி நேரம் வேகுறப்ப பச்சை மங்கிரும், அது பரவாயில்ல.

பிஸ்தா, கச்சான் (நிலக்கடலை) எதுவும் வேண்டாம். 60 பிள்ளைங்கள்ல யாருக்கு ஒவ்வாமைன்னு தெரியாது.

லயத்து_அடுப்பு

வட்டப் பெட்டின்னா அட்டைப் பெட்டியே எடுங்க, பிளாஸ்டிக் வேண்டாம். அடியில மெழுகுத் தாள், ஒரு அடுக்கு, கைப்பிடி மாவு, மறுபடி தாள். முதல் நாள் இராத்திரி வெட்டிப் பிரட்டினா, காலையில பெட்டியில போடும்போது இன்னொரு தடவை பிரட்டணும். குளிர் அறையில வச்சு வெளியே கொண்டு போகாதீங்க.

வெட்டுறதுக்கு நீளக் கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் மாவுல தொட்டு நேரா கீழ அழுத்துங்க. அறுக்கிற மாதிரி இழுத்தா ஓரம் பிய்ஞ்சு அங்கிருந்துதான் முதல்ல வேர்க்கும். பிள்ளைங்களைச் சேர்க்கணும்னா பிரட்டுற வேலையை மட்டும் கொடுங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம், இந்தப் பாகு கையில பட்டா ஒட்டிக்கிட்டுச் சுடும்.

சிப்புட்_டீச்சர்

குறிச்சுக்கிட்டேன். ரோஸ் ஒரு தட்டு, பாண்டான் ஒரு தட்டு, பாண்டானுக்குத் தேங்காய்த்தூள். வியாழன் இராத்திரி கிளறி, வெள்ளி இராத்திரி வெட்டி, சனிக்கிழமை காலையில கொடுக்கலாமா? அவ்வளவு நேரம் வெட்டாம இருந்தா காஞ்சிராதா?

அல்வாக்_கரண்டி

காயாது. 24 மணி நேரம் வெட்டாம இருந்தா இன்னும் நல்லா இறுகும், கத்தி சுத்தமா இறங்கும். துணியை மட்டும் எறும்பு ஏறாத மாதிரிக் கட்டி, தட்டைத் தண்ணி ஊத்தின தாம்பாளத்து நடுவுல ஒரு கிண்ணத்து மேல வைங்க.