பதில்: நர்டிலுக்குத் தமிழ்: குருணையா, மணியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். நெகிழிப் பண்டங்கள் செய்ய உதவும் சிறு மூலப்பொருள் மணியான நர்டிலுக்கு (nurdle) என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் சென்னை நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "நர்டிலுக்கு 'நெகிழிக் குருணை' போதுமே. குருணை உரம், குருணை மருந்து என்று ஏற்கெனவே புழங்குகிறதே."

அவர் சொல்லும் காரணம் புரிகிறது. ஆனால் மட்டக்களப்பில் இது சரிவராது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் குருணையைக் குறுணல் என்போம், அது நெல் குத்தும்போது நொறுங்கிப்போன அரிசி. நர்டிலோ உடைந்த பொருளே அல்ல. உருக்கி வார்ப்பதற்கென்று, 5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட அந்த அளவிலேயே செய்து, மூட்டை கட்டிக் கப்பலேற்றும் மூலப்பொருள். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியதே, அதில் ஏறக்குறைய 1,680 தொன் நர்டில் இருந்தது. முழு மணிக்கு நொய்யின் பெயரை வைத்தால் படிக்கிற பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்காகக் குறுணலைக் கைவிட வேண்டியதில்லை. நம் கரைக்கு அதிகம் தேவைப்படும் சொல்லே அதுதான். நாவலடியில் கடல் ஒதுக்கிவிட்ட வரியில் மணலை அள்ளிச் சல்லடையில் அரித்துப் பாருங்கள். வாளியும் போத்தல் மூடியும் உடைந்த சில்லுகள், சொப்பிங் பையின் கிழிசல், கரைவலைக் கயிறு நைந்து உதிர்த்த பச்சை நீலப் பிசிறு. சில்லு ஒன்றை நகத்தால் அழுத்தினால் வெளிறிய மேற்பரப்பு மாவாக உதிரும். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டுப்பட்டு அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்துபோயிருக்கும். மணலும் கொதிக்கிற நம் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். இப்படி உடைந்து பிறப்பவற்றுக்கு 'நெகிழிக் குறுணல்' என்று பெயர் வைப்போம்.

அப்போது நர்டிலுக்கு? 'நெகிழிமணி' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் முகம் கழுவும் பசையில் சேர்க்கும் துகளுக்கு 'நுண்மணி' என்று முன்பே எழுதிவருகிறோம், இரண்டும் மோதும். ஆகவே 'மூலமணி' என்கிறேன். மணி முழுமையைக் காட்டும், மூலம் அது இன்னும் பண்டமாகவில்லை என்பதைக் காட்டும்.

இந்தப் பிரிவினை வெறும் பெயருக்காக இல்லை. கரையில் மூலமணி கிடந்தால் கப்பலையும் தொழிற்சாலையையும் கேட்க வேண்டும். குறுணல் கிடந்தால் வாவிக்குள் குப்பை கொட்டுகிறவர்களையும், மாரி வெள்ளத்தோடு முகத்துவாரம் வழியே கடலுக்குப் போவதையும் பார்க்க வேண்டும். நுண்ணெகிழி (microplastic) என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால் யாரை எதற்குக் கேட்பது என்பதே தெரியாமல் போய்விடும்.

நெகிழியா பிளாஸ்டிக்கா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை, இரண்டும் இருக்கட்டும். கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். இரு கரைச் சொற்களும் ஒரே அகராதியில் சேர்வது நமக்குப் புதிதல்ல.

இரண்டு சொற்கள் பாக்கி. வலைப் பிசிறுக்கு 'இழை' என்கிறார்கள் சிலர், எனக்கு 'நார்' பிடிக்கிறது. கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கல்லடிப் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதுங்கள். அப்புறம், அந்தக் கப்பல் தீயில் உருகி ஒட்டிக் கருகிய மூலமணிகள். அவற்றை மணி என்றும் சொல்ல முடியாது, குறுணல் என்றும் சொல்ல முடியாது. 'எரிகட்டி' என்று குறித்துவைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள்.