பாண்டி பஜார் நடைபாதையும் நம்முடைய மத்திய வீதியும்

உப்புவெளி வாசி:
போன மாதம் அம்மாவுடன் சென்னைக்குப் போய் வந்தேன். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகன்ற நடைபாதையில் அம்மா என் கையைப் பிடிக்காமலே நடந்தார். திரும்பி வந்த மறுநாள் நம்முடைய திருகோணமலை மத்திய வீதியில் ஒரு செருப்புக் குவியலைச் சுற்றிப்போக வீதியில் இறங்கினார். முச்சக்கரவண்டி முழங்கையை உரசிவிட்டது. நடைபாதை வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினால் என்ன?

கச்சான்காரி மகன்:
அண்ணை, அந்தப் பாண்டி பஜாரில் முன்பு கடை விரித்தவர்கள் எங்கே என்று கேட்டீர்களா? 2013இலேயே மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் ஏற்றிவிட்டார்கள். தலைக்கு ஊசி வாங்க யார் படியேறுவார்? நடைபாதைப் பொருள் போகிற வழியில் கண்ணில் பட்டால்தான் விலைப்படும். என் அம்மா பஸ் நிலையத்தடியில் கச்சான் விற்றவர். சற்றுத் தள்ளி இருக்கச் சொன்ன நாளில் பாதிச் சுருள்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. இரவு அதையே சாப்பிட்டோம்.

உப்புவெளி வாசி:
தம்பி, அம்மாவின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. கச்சான் கூடையும் பத்தடி நீள உடுப்பு மேசையும் ஒன்றா? உள்ளே கடை வைத்திருப்பவரே வெளியே இன்னொரு மேசை போடுகிறார்.

கச்சான்காரி மகன்:
அந்த மேசையை முதலில் எடுக்கட்டும், நானும் வந்து தூக்குகிறேன். இந்தியாவைப் பார்த்துச் செய்வதென்றால் அவர்களுடைய 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தையும் பாருங்கள். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை எவரையும் எழுப்பக்கூடாது. இடம் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்கவேண்டும்.

மதுரை மருமகள்:
சட்டம் நல்லதுதான். ஆனால் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில், கடைகளை அகற்றும் மாநகராட்சி வண்டி வருகிறது என்று குரல் கேட்டதும் பூக்காரி கூடையோடு சந்துக்குள் ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சட்டம் பிறந்து ஆண்டுகள் கழிந்த பிறகும்தான். நம்மூரில் மான்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. கீரைக்கட்டை இழுத்துத் தின்றுவிட்டு நடு வீதியில் நிற்கும், வாகனங்கள்தான் விலகிப்போகும்!

உப்புவெளி வாசி:
சரி, மேசைகள் முதலில். கூடைக்காரர் இருக்கட்டும். ஆனால் மஞ்சள் கோடு போட்டு நடப்பவருக்கு நாலடி விடவேண்டும்.

கச்சான்காரி மகன்:
சில இடங்களில் மொத்த நடைபாதையே நாலடிதானே, அண்ணை?