சேமிச்ச தானியத்துல வண்டு: நீங்க பார்த்ததை எழுதுங்க

புடைச்சு, சலிச்சு, இறுக்கி மூடின பச்சைப்பயறு. ஒரு மாசத்துல திறந்தா ஒவ்வொரு பயறுலயும் வட்ட ஓட்டை, டப்பா அடியில தூள். மூடி நகரவே இல்லை. எந்த வழியா வந்துச்சு?

———

வரலை, உள்ளேயேதான் இருந்துச்சு. பயறு வண்டு வயல்லயே காய் மேல முட்டை வெச்சிடும். சேமிப்புல பயறுத் தோல் மேலயே வைக்கும். வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க, ஊசிமுனை அளவுல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். சலிச்சா உதிராது. புழு முட்டைக்கு அடியிலேயே துளைச்சு உள்ளே போயிடும். நீங்க பார்த்த ஓட்டை, வளர்ந்த வண்டு வெளியேறின வழி.

———

நல்லா ஒரு நாள் வெயில்ல போட்டா தீர்ந்துச்சு.

———

மேலே சொன்னதை ஏத்துக்க முடியலை. கனமா கொட்டினா வண்டு அடியில நிழலுக்கு நகர்ந்துடும், மணிக்குள்ள இருக்கிற புழுவுக்குச் சூடே எட்டாது. மெல்லிசா பரப்பிக் கிளறிவிட்டாலும் வெயிலோட முக்கிய வேலை ஈரத்தை எடுக்கிறதுதான். சூடு ஆறாம அடைச்சா மூடியில நீர் கோத்து மேல் அடுக்கு பூசணம் பிடிக்கும். கொஞ்ச அளவுன்னா சின்னச் சின்னப் பொட்டலமா ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரியில 4 நாள் வைங்க, முட்டையும் சாகும். எடுத்த உடனே பிரிக்காதீங்க; பை மேல வேர்க்கிறது நின்னு காயட்டும்.

———

கேட்கலைன்னாலும் மூட்டைக்காரங்களுக்குச் சொல்றேன். கோதுமை மூட்டைக்குள்ள கையை விட்டா நடுவுல கதகதன்னு சூடு, மேலே மணி கட்டிகட்டியா ஒட்டியிருக்கு. வண்டு மூச்சு விடுறதுல சூடும் ஈரமும் சேருது. ஈரம் மேலேறிக் குளிர்ந்த அடுக்குல படியுது, அங்கதான் பூஞ்சை. அந்தப் பூஞ்சை விடுற நச்சு, அஃப்ளாடாக்சின், சமைச்சாலும் போகாது, அந்த மூட்டையைக் கழிச்சிடுங்க.

அடைக்கும்போது ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லையா? காய்ஞ்ச கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தானியம், ரெண்டு மூணு ஸ்பூன் காய்ஞ்ச உப்பு போட்டுக் குலுக்கி, 15 நிமிஷம் விடுங்க. உப்பு சுவர்ல ஒட்டினா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல. ஒட்டலைன்னா 15-க்குக் கீழேன்னு மட்டும்தான் அர்த்தம், 12 ஆயிடுச்சுன்னு இல்லை. இன்னும் காய வைங்க.

அப்புறம் காத்துப் புகாத பை. முழுக்க நிரப்பி, காத்தைப் பிதுக்கிக் கட்டுங்க. உள்ளே இருக்கிற பூச்சியே ஆக்சிஜனைக் குறைச்சு, மூச்சுமுட்டிச் சாகும். எலி ஒரு பல் பதிச்சாலும் பலன் போச்சு. பலகை மேல, சுவரைத் தொடாம அடுக்குங்க.

தானியத்துல வண்டைக் கொல்ல வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. 3 கிராம் மாத்திரை ஒண்ணு 1 கிராம் பாஸ்பீன்ங்கிற நச்சு வாயுவை விடும். பக்கத்து அறையில தூங்குறவங்களையும் கொல்லும்.