இணையதளப் பராமரிப்பு ஒப்பந்தம்: எது அவர்கள் வேலை, எது நம் வேலை?

வணக்கம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) தளத்துக்கு ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதுகிறோம். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் அனுபவப்பட்டவர்கள் விடுபட்டதைச் சொல்லுங்கள்.

பராமரிப்பவர்கள் செய்ய வேண்டியது: வேர்ட்பிரஸ், தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதிகள்) அப்டேட், அதற்கு முன் பேக்கப். பேக்கப் அதே சர்வரில் கிடந்தால் சர்வர் போகும்போது அதுவும் போகும். வெளியே ஒரு நகல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைத் தளத்தில் ஏற்றிப் பார்த்துக் காட்டவும் வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் https இணைப்புக்கானது) புதுப்பிப்பும் அவர்களுடையதே.

நம் பொறுப்பில் முக்கியமானது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். பதிவு நம் பெயரில், நம் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டிசைனர் மின்னஞ்சலில் இருந்தால் காலாவதி அறிவிப்பு அவருக்குத்தான் போகும். டாட் காம் பெயர் நீக்கப்பட்டால் மீட்க 30 நாள்தான், அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. ஹோஸ்டிங் (சர்வர் வாடகை) பில், படங்கள், விலைப்பட்டியல் நாம் தருவது.

இரண்டு கேள்வி. பித்தளை விலை மாறும்போதெல்லாம் விளக்கு விலையும் மாறும். இந்தத் திருத்தத்துக்கு ஒப்பந்தத்தில் மாதம் எத்தனை மணி நேரம் எழுதுகிறீர்கள்? தளம் ஹேக் ஆனால் சுத்தம் செய்வது ஒப்பந்தத்தில் அடக்கமா, தனிக் கட்டணமா? நாம் வைத்த பலவீனமான பாஸ்வேர்டால் நடந்தால் யார் கணக்கு?