574.8 கி.மீ. தொட்ட வி150: அதே பாதையில் பயணிகள் ரயில் ஏன் 320-தான்?

தடம்_கேள்வி:
பிரான்ஸின் வி150 சோதனை ரயில் 2007 ஏப்ரல் 3 அன்று கிழக்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 574.8 கி.மீ. தொட்டது. அங்கே ஓடும் பயணிகள் ரயில் 320-ஐத் தாண்டுவதில்லை. சக்தி கூடிய மோட்டார் போட்டால் போதாதா? சோதனைக்காக எதையெல்லாம் மாற்றினார்கள்?

மேல்கம்பி:
மோட்டாருக்கு முன்பே தலைக்கு மேலுள்ள மின்கம்பி மறித்துவிடும். ரயிலின் கூரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கையான பாண்டோகிராஃப் கம்பியை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே போகிறது. அந்த அழுத்தம் கம்பியில் அலையாக முன்னே ஓடும். ரயில் அந்த அலையை எட்டிப்பிடித்தால் கம்பி துள்ளும், தொடர்பு விட்டுவிட்டுப் பொறி பறக்கும், கடைசியில் கம்பியே அறுந்துபோகலாம்.

அலை வேகத்துக்கான கணக்கு எளிது: கம்பியின் இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 150 சதுர மி.மீ. செப்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 1.33 கிலோ. வழக்கமான 25 கிலோநியூட்டனில் அலை நொடிக்கு 137 மீட்டர், அதாவது மணிக்கு 490 கி.மீ. சொச்சம். அந்த இழுவிசையில் 574 நடக்கவே நடக்காது. அதனால் 40 கிலோநியூட்டனுக்கு இழுத்துக் கட்டினார்கள். அதே கணக்கில் அலை வேகம் சுமார் 624-க்கு ஏறும். சாதனை வேகம் அதில் 92 சதவீதம்! அன்றாட ஓட்டத்தில் 70 சதவீதத்துக்குள் நிற்பதுதான் விதி. 25 கிலோநியூட்டனுக்கு அது 345 வரும். 320 அதற்குள் அடங்குகிறது.

போகி_ஆள்:
கம்பி விஷயம் சரி. கீழே செய்தவை: சக்கர விட்டம் 920 மி.மீ.-லிருந்து 1092. 574.8-இல் பழைய சக்கரம் நிமிடத்துக்கு 3300 சுற்றுக்கு மேல் சுழலவேண்டும்; பெரிய சக்கரத்துக்கு 2800 போதும். பல்சக்கரப் பெட்டிக்கும் அச்சுத் தாங்கிக்கும் அது பெரிய நிம்மதி. மின்னழுத்தம் 25-லிருந்து 31 கிலோவோல்ட். 16 அச்சுகளில் 12-க்கு மோட்டார், மொத்தம் 19.6 மெகாவாட். வளைவுகளில் வெளித்தண்டவாளத்தை இன்னும் உயர்த்தினார்கள்.

என் கருத்தில் மிக ஆபத்தானது போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தின், பக்கவாட்டு ஆட்டம். தண்டவாளத்தில் உருளும் சக்கரப் பரப்பு கூம்பு வடிவம் என்பதால் ஒரு வேகத்துக்கு மேல் போகி பாம்புபோல் நெளியத் தொடங்கும். அதிர்வைத் தணிக்கும் டாம்பர் அடக்காவிட்டால் தண்டவாளத்தையே நெளித்துவிடும். 1955 மார்ச்சில் பிரான்ஸின் லாந்து பகுதியில் ஒரு ரயில் மணிக்கு 331 கி.மீ. வேகத்தில் ஓடியபோது அப்படித்தான் பாதை வளைந்தது, பாண்டோகிராஃபும் உருகியது.

தடம்_கேள்வி:
அப்படியானால் அன்றாட ரயிலுக்கு இதனால் என்ன பயன்?

மேல்கம்பி:
வி150-இன் நடுப்பெட்டிகளுக்கு அடியில் இருந்த நிரந்தரக் காந்த மோட்டார் போகிகள் ஏஜிவி என்ற அதிவேகப் பயணிகள் ரயிலுக்கானவை. அந்த ரயில் 2012 முதல் இத்தாலியில் ஓடுகிறது. வேகத்தை அப்படியே கொண்டுவர முடியாது: 320-லிருந்து 574.8-க்குப் போனால் காற்றை எதிர்க்கத் தேவையான திறன் ஏறத்தாழ 5.8 மடங்கு, பிரேக் கரைக்கவேண்டிய ஆற்றல் 3.2 மடங்கு.

போகி_ஆள்:
சாதனைக்காக அல்லாமல் அன்றாட ஓட்டத்துக்காகவே சோதிப்பதைப் பார்க்க ஜப்பானின் ஆல்ஃபா-எக்ஸ் சோதனை ரயிலைக் கவனியுங்கள். 2019-இல் வந்தது, இலக்கு 360. ஒரு முனையில் மூக்கு 16 மீட்டர், மறுமுனையில் 22. சுரங்கத்துக்குள் நுழையும்போது எழும் அழுத்த அலை மறுவாயிலில் வெடிச்சத்தமாக வெளிவரும். எந்த மூக்கு அதை எவ்வளவு அடக்குகிறது என்று ஒரே ரயிலில் ஒப்பிடலாம். நீண்ட மூக்கு இருக்கைகளைத் தின்னும், அதனால் 16 மீட்டரே போதுமா என்பது அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்வி.