வருடக்கணக்கில் பிபிஐ: செலவை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி:
பிபிஐ (வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து) வகையான ஓமெப்ரசோல் 20 மி.கி. எட்டு வாரம் கொடுத்து நிறுத்தியதும் நெஞ்செரிச்சல் திரும்புகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது: தினமும் முழு டோஸ், தினமும் பாதி டோஸ், தேவைப்படும்போது மட்டும். கிளினிக்குக்கு ஒரு நடைமுறை எழுத வேண்டும். மாத்திரை விலையை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

பதில் 1:
முதலில் எண்ணிக்கையில் பாருங்கள். தினமும் என்றால் வருடத்துக்கு 365. தொந்தரவு வரும்போது நாலு நாள் போட்டு நிறுத்துகிறவருக்கு மாதம் இரண்டு முறை வந்தாலும் 96தான். பாதி டோஸிலும் 365 மாத்திரை; 10 மி.கி. விலை 20 மி.கி. விலையில் பாதியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். இன்னொரு பிபிஐயான பான்டோப்ரசோல் 40-ஐ உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம், மேல்பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

பணம் சத்தமில்லாமல் போகிற இடம் வேறு. சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுகிறவருக்கு "கேட்கவில்லை" என்று டோஸை இரட்டிப்பாக்கிவிடுகிறோம். உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடுகிறாரா என்று கேட்காமல் டோஸை ஏற்றக் கூடாது. வெறும் நெஞ்செரிச்சலுக்கு டாம்பெரிடோன் (வாந்தி, குமட்டலுக்கான மருந்து) சேர்ந்த கேப்ஸ்யூலும் தேவையில்லை. இசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் வேறு.

பதில் 2:
"தேவைப்படும்போது" எல்லோருக்கும் பொருந்தாது, சார். உணவுக்குழாய்ப் புண் லாஸ் ஏஞ்சலஸ் அளவில் சி, டி நிலை (கடுமையான புண்), பாரெட் மாற்றம் (உணவுக்குழாயின் உள்படல செல்கள் மாறிவிடுவது), உணவுக்குழாய்ச் சுருக்கம், முன்பு ரத்தம் கசிந்த அல்சர்: இவர்களுக்கு மாத்திரையை மிச்சம் பிடிக்கப் போய் அட்மிஷன் செலவில் முடியும். விழுங்கச் சிரமம், எடை குறைவு, ரத்தசோகை, கறுப்பு மலம் இருந்தால் செலவு பார்க்காமல் எண்டோஸ்கோபி.

மற்றவர்களுக்கு, நிறுத்தும் முறைதான் முக்கியம். திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிட அதிகம் சுரக்கலாம். அதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொண்டுதான் பலருக்கு மாத்திரை வருடக்கணக்கில் ஓடுகிறது. இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். இடையில் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் ஆல்ஜினேட் சிரப் (வயிற்றில் மிதந்து அமிலம் மேலே ஏறாமல் தடுப்பது). ராத்திரி தொந்தரவுக்கு ஃபமோட்டிடின் (பிபிஐ அல்லாத வேறு வகை அமிலக் குறைப்பு மருந்து) 20 மி.கி. போடலாம். ஆனால் தினசரி ஆக்கினால் ஓரிரு வாரத்தில் பலன் குறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
புதிதாக வருகிறவருக்கு ஆன்டாசிடில் தொடங்கி வலுவான மருந்துக்கு ஏறுவது மலிவா, பிபிஐயில் தொடங்கி இறங்குவதா?

பதில் 3:
நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் நடந்த டயமண்ட் ஆய்வு (2009) இதைத்தான் பார்த்தது. ஆறு மாத முடிவில் பலன் ஏறக்குறைய சமம்: ஏறுமுறை 72%, இறங்குமுறை 70%. சராசரிச் செலவு முறையே 228 யூரோ, 245 யூரோ. ஆனால் அது புதிய அஜீரணக்காரர்களில் நடந்தது. உங்கள் நெடுநாள் நோயாளிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஜெனரிக் பிபிஐ மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மாத்திரையைவிட மறுபடி மறுபடி டாக்டரிடம் வருவதுதான் கணக்கைத் தீர்மானிக்கும். அதனால் நடைமுறையில் மாத்திரை எண்ணிக்கையோடு விசிட்டையும் எழுதுங்கள்: தேவைக்குப் போடுகிறவருக்கு 30 மாத்திரை, அது எத்தனை வாரம் வந்தது என்ற குறிப்பு, அதைப் பார்த்தே அடுத்த சீட்டு.