தண்டர்பேர்ட் கஸ்டம் ஃபீல்ட் சிஆர்எம்முக்குப் போகேக்க சில ஊர் மட்டும் வெறுமையா வருது, ஏன்?

கேக்பெட்டி
வணக்கம், நாங்கள் யாழ்ப்பாணத்தில கேக், பூச்செண்டு டெலிவரி செய்யிறம், முக்கால்வாசி ஓடர் கனடா, லண்டன் ஆக்கள் ஈமெயிலில தாறதுதான். விபரமெல்லாம் தண்டர்பேர்ட் எண்ட ஈமெயில் புரோகிராமின்ர அட்ரஸ் புக்கில கிடக்கு, கஸ்டம் 1 இல சாமான் குடுக்கவேண்டிய ஊர், கஸ்டம் 2 இல அம்மா அப்பான்ர பிறந்தநாள். இப்ப சிஆர்எம் (வாடிக்கையாளர் விபரம் வைக்கிற மென்பொருள்) ஒண்டு எடுத்து, அட்ரஸ் புக்கை சிஎஸ்வி எண்ட அட்டவணை ஃபைலா ஏத்தினா முதல்தரம் பேரும் ஈமெயிலும் மட்டும்தான் வந்திது, பிறகு மேப்பிங்கில (எந்தக் கொலம் எந்த ஃபீல்டுக்குப் போகவேணும் எண்டு காட்டுற இடம்) கஸ்டம் 1ஐ ஊர் எண்ட ஃபீல்டுக்குக் காட்டிவிட்டன், நல்லூர், மானிப்பாய், சாவகச்சேரி எல்லாம் வந்திட்டுது ஆனா கோப்பாய், கொக்குவில், கோண்டாவில் மூண்டும் வெறுமை. சிஆர்எம்மில ஊர் தெரிவு செய்யிற ட்ரொப்டவுன் லிஸ்டில அந்த ஊருகள் இருக்கு, எழுத்துப்பிழையும் இல்லை, வடிவாப் பாத்திட்டன்.

பனைநிழல்
ஸ்பேஸ் ஏதும் கடைசியில ஒட்டியிருக்கோ? ட்ரொப்டவுன் எண்டா ஒரு எழுத்துப் பிசகினாலும் எடுக்காது.

கேக்பெட்டி
ஸ்பேஸ் இல்லை. பழைய லிஸ்ட் தங்கச்சி பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில அடிச்சது, கன்வெர்ட்டரில போட்டுத்தான் யூனிகோட் ஆக்கினனான்.

ஒழுங்கைமுடக்கு
உதுதான் விஷயம். வராத மூண்டும் கொ, கோவில தொடங்குறதைக் கவனிச்சனீங்களோ? யூனிகோடில ‘கோ’வை ரெண்டு விதமா எழுதலாம், ஒண்டு க வோட ஓகாரக் குறி ஒரே எழுத்தா, மற்றது க, ஏகாரக் கொம்பு, பிறகு கால் எண்டு தனித்தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், ஆனா கொம்பியூட்டருக்கு வேற வேற சொல்லு. எக்செல்லில லென் (LEN) ஃபோர்முலா போட்டுப் பாருங்கோ, அது புள்ளி, கால், கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும், கோப்பாய்க்கு 8 வரவேணும், 9 வந்தா கன்வெர்ட்டர் உடைச்சு விட்ட எழுத்து. ஃபில்டர் போட்டு அந்த வரியளை எடுத்து, சிஆர்எம் ட்ரொப்டவுனில இருக்கிற சொல்லையே கொப்பி பண்ணிக் கீழ்வரைக்கும் இழுத்து விடுங்கோ.

எக்செல்லில சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறக்காதேங்கோ, 021இல தொடங்குற போன் நம்பரின்ர முன் சைபரைத் திண்டிடும், 12 இலக்க அடையாள அட்டை நம்பர் இருந்தா அது 1.98ஈ+11 எண்டு நிக்கும். டேட்டா மெனுவால எடுத்து அந்தக் கொலங்களை டெக்ஸ்ட் ஆக்குங்கோ, சேவ் பண்ணேக்க யூடிஎஃப் 8.

பனைநிழல்
பிறந்தநாளையும் ஒருக்காப் பாருங்கோ, 04/09 எண்டதை, செப்டம்பர் 4ஐ, ஏப்ரல் 9 எண்டு எடுத்துதெண்டா கேக் அஞ்சு மாசம் முந்திப் போய் நிக்கும். 2024-09-04 மாதிரி வருசத்தை முன்னுக்குப் போட்டா குழப்பமில்லை. தண்டர்பேர்ட், சிஆர்எம் ரெண்டு பக்கமும் தானா சின்க் ஆகிற (ஒண்டில மாறினா மற்றதிலயும் மாறுற) செற்றிங்கை இப்பவே போட்டிடாதேங்கோ, சிஆர்எம்மில வெறுமையாக் கிடக்கிற ஊர் திரும்பி வந்து தண்டர்பேர்ட்டில இருக்கிறதையும் அழிக்கக்கூடும். முதல் ஒரு பக்கமா ஏத்துங்கோ, அட்ரஸ் புக்கின்ர கொப்பி ஒண்டையும் எடுத்து வையுங்கோ.

கேக்பெட்டி
கோப்பாய் 9, கோண்டாவில் 11! திருத்தி ஏத்தினன், மூண்டு ஊரும் வந்திட்டுது. தங்கச்சிக்குத்தான் ரெண்டு நாளா ஏச்சு விழுந்தது, பாவம். இனித் தொண்டைமானாறையும் பாக்கவேணும், அதிலயும் ‘தொ’ இருக்கே.